இல்லம் சூழ்ந்த வகுப்பறை: இந்தியாவின் முதல் ஆசிரியைகள் எங்கிருந்து வந்தார்கள்?

1909 அக்டோபரில், இன்றைய பீகாரின் பாகல்பூரில், ஐந்து மாணவியரைக் கொண்டு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். அதே ஆண்டு மே மாதத்தில்தான் அவர் கணவரை இழந்திருந்தார். வயது இருபத்தெட்டு. பெண்களே ஆளும் கற்பனை நாடொன்றை, அங்கே பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் இருப்பதாக, 'சுல்தானாவின் கனவு' என்னும் ஆங்கிலக் கதையில் 1905ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டியவர் அவர். ஆனால் தம் முன்னால் ஐந்து சிறுமியர் வந்து அமர்ந்தபோது, ஒரே ஆசிரியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு எப்படிப் பாடம் சொல்ல இயலும் என்பது அவருக்குப் புலப்படவில்லை. ரொக்கேயாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சம்சுன் நஹார் மஹ்மூத் பதிவுசெய்திருக்கும் செய்தி இது.

இதைப் படிப்பவர்க்கு முதலில் புன்னகை வரக்கூடும். சற்றே நின்று எண்ணினால் அந்தத் திகைப்பின் காரணம் விளங்கும். புதிதாகப் பணியேற்கும் எந்த ஆசிரியரும் வெறுங்கையோடு வகுப்பறைக்குள் நுழைவதில்லை. தமக்குப் பாடம் சொன்னவர்களின் குரல், அவர்கள் கரும்பலகையைப் பயன்படுத்திய விதம், கடைசி வரிசையை அடக்கிய பார்வை ஆகிய எல்லாம் அவருள்ளே சேர்ந்திருக்கின்றன. பயிற்சிக் கல்லூரி பிற்பாடு வருவது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மாணவராக அமர்ந்திருந்ததே முதற்பயிற்சி. ரொக்கேயா பள்ளிக்கூடத்தில் அமர்ந்ததே இல்லை. வீட்டார் உறங்கிய பின் அண்ணனிடம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆங்கிலமும் வங்காளமும் கற்றவர் அவர். அவர் அறிந்த கல்வி ஒருவர் ஒருவருக்குச் சொல்லித் தருவது. வகுப்பு என்னும் அமைப்பே அவருக்குப் புதிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசிரியையாக வந்த இந்தியப் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் நிலை இதுவே. அவர்களுக்கு முன்மாதிரி இல்லை. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக்குழு திரட்டிய கணக்கு இந்த வெறுமையை எண்ணில் காட்டுகிறது. 1881-82இல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் பெண்களுக்கான கல்வி நிலையங்கள் 2,697. கலப்புப் பள்ளிகளில் பயின்றவர்களையும் சேர்த்து மாணவியர் 1,27,066 பேர். இவர்களுள் கல்லூரி வகுப்பில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆசிரியப் பயிற்சி நிலையங்கள் 15; அவற்றில் பயின்ற பெண்கள் 515 பேர். 2,600 தொடக்கப்பள்ளிகளுக்கு 515 பயிற்சி மாணவியர் என்றால், ஏனைய பள்ளிகளில் யார் கற்பித்தார்கள் என்னும் வினா எழும். பெரும்பாலும் ஆண்கள், அதிலும் வயது முதிர்ந்த பண்டிதர்கள். இவர்களை நம்பிப் பெண்ணை அனுப்பும் குடும்பமும் அவள் பத்து வயதைத் தாண்டியதும் நிறுத்திவிடும். ஆசிரியை இல்லாததால் மாணவி நீடிப்பதில்லை. மாணவி நீடிக்காததால் ஆசிரியை உருவாவதில்லை. இந்த வட்டத்தை எங்கே உடைப்பது என்பதே அக்காலக் கல்வி விவாதங்களின் மையக் கேள்வியாக இருந்தது.

ஒரு விடையை பிரிஸ்டலிலிருந்து கொண்டுவந்தவர் மேரி கார்ப்பெண்டர். 1866இல் இந்தியா வந்த அவர், பெண்களுக்கென ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளை அரசே நிறுவ வேண்டும் என்று வலியுறுத்தினார். கல்கத்தாவில் அவருக்குப் பெண் பள்ளிகளைச் சுற்றிக் காட்டியவர்களுள் ஈசுவர சந்திர வித்தியாசாகரும் ஒருவர். உத்தர்பாரா பெண் பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் வித்தியாசாகரின் வண்டி கவிழ்ந்தது. அப்போது பட்ட அடியால் நலிந்த உடல் அதன்பின் முழுமையாகத் தேறவே இல்லை. பெண்கல்விக்கு அவர் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று. 1857 நவம்பருக்கும் 1858 மே மாதத்திற்கும் இடையே ஹூக்ளி, பர்த்வான், மேதினிபூர், நதியா மாவட்டங்களில் 35 பெண் பள்ளிகளைத் திறந்தவர் அவர். கைம்பெண் மறுமணச் சட்டம் 1856இல் நிறைவேறியதில் அவர் பங்கு யாவரும் அறிந்ததே.

அத்தகைய வித்தியாசாகர், கார்ப்பெண்டரின் திட்டத்தை எதிர்த்தார். 1867இல் வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் வில்லியம் கிரேக்கு அவர் எழுதிய கடிதம் பெண்கல்வி வரலாற்றின் முக்கிய ஆவணங்களுள் ஒன்று. மாணவியர்க்கு ஆசிரியைகள் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பத்து, பதினொரு வயதுப் பெண்ணையே வீட்டைவிட்டு வெளியே அனுப்பாத மதிப்புடைய குடும்பங்கள், வளர்ந்த பெண்களை ஆசிரியத் தொழிலுக்கு விடமாட்டா என்றார். அப்படியானால் எஞ்சுபவர்கள் ஆதரவற்ற கைம்பெண்கள் மட்டுமே. அவர்களும் அந்தப்புரத்தை விட்டு வெளியேறிய அக்கணமே ஊராரின் ஐயத்துக்கு உள்ளாவார்கள். பள்ளியின் நோக்கமே பாழாகும் என்பது அவர் வாதம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வித்தியாசாகரைப் பிற்போக்காளர் எனத் தீர்ப்பளிப்பது எளிது. அது பிழையும் ஆகும். தம் சமூகத்தை அவர் துல்லியமாகவே அளந்திருந்தார். அரசு அவர் சொல்லைக் கேளாமல் 1869இல் பெதூன் பள்ளியோடு இணைத்து ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. மாணவியர் போதிய அளவில் சேராமல் மூன்றாண்டுகளுக்குள் அது மூடப்பட்டது. அவர் கணிப்பு பலித்தது. ஆனால் கணிப்பின் மற்றொரு பாதியை அவரே முழுமையாக நோக்கவில்லை எனத் தோன்றுகிறது. ஆசிரியத் தொழிலுக்கு வரக்கூடியவர்கள் கைம்பெண்கள் மட்டுமே என்பதை ஒரு தடையாகவே அவர் கண்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அதே தடையைப் பலர் அடித்தளமாக்கிக்கொண்டார்கள்.

அந்த வழிக்குச் செல்லுமுன், அதில் அடங்காத ஒருவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1848இல் புனேயின் பிடே வாடாவில் தொடங்கிய பெண் பள்ளியில் கற்பித்த சாவித்திரிபாய் ஃபுலேக்கு அப்போது வயது பதினேழு. 1840இல் மணமாகி வந்தபோது எழுத்தறியாதவர். கணவர் ஜோதிராவிடம் கற்றார். கற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே கற்பிக்கவும் தொடங்கினார். அவர் பள்ளிக்குச் செல்லும் வழியில் சேறும் சாணமும் எறியப்பட்டதையும், அதனால் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுசென்றதையும் பிற்கால நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. இன்று எல்லாரும் அறிந்த செய்தி அது. அது மறைத்துவிடும் வேறொன்று உண்டு: மாமனார் கோவிந்தராவ், ஊராரின் அழுத்தத்துக்குப் பணிந்து, மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். சேற்றைக் கழுவிவிடலாம், இருக்க வீடில்லாத ஓர் ஆசிரியை எங்கே திரும்பிப் போவாள்? 1856இல் பிறந்த வீட்டிலிருந்து சாவித்திரிபாய் கணவருக்கு எழுதிய கடிதத்தில், மகார், மாங் மக்களுக்குப் பணிசெய்ததால் நீங்கள் சாதிவிலக்குக்கு உரியவர்களே என்று தம் உடன்பிறந்தவரே கடிந்ததையும், அவருக்குத் தாம் மறுமொழி சொன்னதையும் விவரிக்கிறார். தாம் இல்லாத நாட்களில் பாத்திமாவுக்கு வேலைச்சுமை கூடியிருக்குமே என்னும் கவலையும் அக்கடிதத்தில் உண்டு. ஆசிரியைப் பணியின் அன்றாடம் இந்த ஒரு வரியில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரிவதில்லை: ஒருவர் நோயுற்றால் மற்றவர் இரு வகுப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாவித்திரிபாயின் நிலை விதிவிலக்கானது. கணவன் உடனிருந்து நடத்திய பள்ளியில் மணமான பெண் ஆசிரியையாக இருந்தார். தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களின் குழந்தைகளுக்கும் அவர்கள் பள்ளிகள் நடத்தினார்கள். மாங் சாதியைச் சேர்ந்த மாணவி முக்தா சால்வே 1855இல் தம் மக்களின் துயரைப் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. மாணவி எழுதத் தொடங்கிவிட்டாள் என்பதைவிட ஓர் ஆசிரியைக்கு வேறு சான்று தேவையில்லை. ஆயினும் இந்த வழி பரவலாகவில்லை. பிற்காலத்தில் ஹண்டர் குழுவிடம் அளித்த மனுவில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய அனைவரும் பிராமணர்கள் என்றும், பலர் பயிற்சி பெறாதவர்கள் என்றும், சம்பளம் பத்து ரூபாயைத் தாண்டுவது அரிது என்றும் ஜோதிராவ் குறைகூறுகிறார். உழவர் சாதிகளிலிருந்து பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரவேண்டும் என்பது அவர் கோரிக்கை. யார் ஆசிரியராகிறார் என்பதே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் என்று அவர் அறிந்திருந்தார்.

அதே குழுவின் முன், அதே ஆண்டு, அதே புனேயில் இன்னொருவரும் சாட்சியம் அளித்தார். பண்டிதை ரமாபாய்க்கு அப்போது வயது இருபத்து நான்கு. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு வங்காளத்திலிருந்து திரும்பியிருந்தார். அவர் மராத்தியில் சொன்னதைக் குழுத்தலைவர் ஹண்டர் மொழிபெயர்த்துத் தனியே அச்சிடச் செய்தார். ஆசிரியைகள் நன்னடத்தையும் மதிப்பும் உடைய குடும்பங்களிலிருந்து வரவேண்டும்; ஆண்களைவிடக் கூடுதல் சம்பளம் பெறவேண்டும்; பெண் பள்ளிகளைப் பார்வையிடப் பெண் ஆய்வாளர்களே வேண்டும் என்றார். இவற்றோடு அவர் சேர்த்துச் சொன்ன மற்றொரு யோசனை இன்று அதிகம் நினைக்கப்படுவதில்லை. பயிற்சி பெறும் பெண்கள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே தங்கவேண்டும். அவர்களுக்கு மேலே மதிப்புடைய இந்தியப் பெண்மணி ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும்.

கல்கத்தாப் பயிற்சிப் பள்ளி தோற்ற இடத்தைத் தொடும் யோசனை இது. கைம்பெண் வீட்டைவிட்டு வெளியே வந்தால் ஐயத்துக்கு உள்ளாவாள் என்றார் வித்தியாசாகர். அப்படியானால் பள்ளியைச் சுற்றியே ஒரு வீட்டைக் கட்டிவிடுவது என்பது ரமாபாயின் விடை. 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் அவர் திறந்த சாரதா சதனம் பள்ளியாகவும் இல்லமாகவும் ஒருசேர இயங்கியது. அடுத்த ஆண்டே புனேக்கு இடம்பெயர்ந்தது. அங்கே முதலில் வந்து சேர்ந்த கைம்பெண் கோதுபாய். இங்கிலாந்தில் கிறித்துவம் தழுவியிருந்த ரமாபாய் மாணவியரை மதம் மாற்றுகிறார் என்னும் குற்றச்சாட்டு 1893இல் பெரும் புயலாயிற்று. பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. அதே ஆண்டு ஃபெர்குசன் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தோண்டோ கேசவ் கார்வே, மனைவியை இழந்தவர், கோதுபாயை மணந்தார். சொந்த ஊரான முருடில் அவருக்குச் சாதிவிலக்குக் கிடைத்தது. 1896இல் கார்வே கைம்பெண்களுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது புனே நகருக்கு வெளியே ஹிங்கணேக்குப் போயிற்று.

அந்த இல்லத்தில் மாணவியாகவும் பின்னர் ஊழியராகவும் இருந்த பார்வதிபாய் ஆதவலே, கோதுபாயின் உடன்பிறந்தவர்; அவரும் கைம்பெண். படிக்கத் தொடங்கியபோது இளமையைக் கடந்திருந்தார். இல்லத்துக்காக ஊர்ஊராகச் சென்று நிதி திரட்டியவர் அவர். பல ஆண்டுகள் மழித்த தலையோடும் கைம்பெண் கோலத்தோடுமே சென்றார். ஆசாரக் குடும்பங்களின் வாசலில் அந்தக் கோலமே அவருக்கு நுழைவுச்சீட்டாக இருந்தது. எந்த வழக்கத்திலிருந்து பெண்களை விடுவிக்கப் பணம் கேட்டாரோ, அந்த வழக்கத்தின் அடையாளத்தைத் தாங்கியே கேட்டார். இதைத் தந்திரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அக்கால ஆசிரியைகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் வடிவமே இதுதான்.

சென்னையில் இந்த முறை ஏறத்தாழ முழுமை பெற்றது. ஆர். எஸ். சுப்புலட்சுமி சிறுமியாக மணமாகி, மிகச் சிறிது காலத்திலேயே கணவனை இழந்தவர். தந்தையின் துணையால் படித்து 1911இல் பட்டம் பெற்றார். பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்சுக்கும் அவருக்கும் ஒரே சிக்கல் முன்னின்றது: பள்ளிகளுக்கு ஆசிரியைகள் இல்லை, பிராமண வீடுகளின் பின்கட்டுகளில் வேலையின்றிச் சிறைப்பட்ட சிறுவயதுக் கைம்பெண்கள் இருக்கிறார்கள். எழும்பூரில் ஒரு வீட்டில், தம்மைப் போலவே கணவனை இழந்த சித்தி வாலாம்பாளின் துணையோடு, விரல்விட்டு எண்ணத்தக்க சில பெண்களை வைத்துக்கொண்டு சுப்புலட்சுமி தொடங்கினார். இல்லம் வளர்ந்து மெரினாக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. விவேகானந்தர் 1897இல் தங்கியிருந்த கட்டடம் அது. 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி அமைந்தபோது சுப்புலட்சுமியே அதன் முதல் முதல்வர். மொட்டையடித்து மூலையில் அமர்த்தப்பட்டிருக்க வேண்டிய பெண்கள், மாவட்டப் பள்ளிகளில் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளானார்கள்.

சுப்புலட்சுமியை ஊர் 'சிஸ்டர்' என்று அழைத்தது. கன்னிமாடத்துத் துறவியர்க்குரிய அந்தச் சொல் ஓர் இந்துக் கைம்பெண்ணுக்கு ஒட்டிக்கொண்டது தற்செயல் ஆகாது. மணமும் மகப்பேறும் இல்லாத, வெண்ணிற ஆடையுடுத்த, பொதுப்பணியில் தம்மை இழந்த பெண் என்னும் வடிவம் சமூகத்துக்கு ஏற்கெனவே அறிமுகமானது. ஆசிரியை அந்த வடிவத்துக்குள் புகுந்துகொண்டபோது ஐயம் தணிந்தது. புகுந்ததற்கு விலையும் இருந்தது. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது தியாகத்துக்கு இழுக்கு என்னும் எண்ணமும், மணமான பெண் நல்ல ஆசிரியையாக இருத்தல் அரிது என்னும் எண்ணமும், பணிநேரம் முடிந்த பின்னும் ஆசிரியையின் நடையுடையை ஊர் கண்காணிக்கலாம் என்னும் உரிமையும் பெருமளவு இந்த வழியிலேயே வந்து சேர்ந்தன. ஆண்களைவிடக் கூடுதல் சம்பளம் வேண்டும் என்று 1882இல் ரமாபாய் கேட்டதை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது தகும். இல்லம் பற்றிய யோசனையைச் சமூகம் எடுத்துக்கொண்டது. சம்பளம் பற்றியதை விட்டுவிட்டது.

இன்னொரு விலையும் உண்டு. அதைச் செலுத்தியவர்கள் வேறு பெண்கள். சுப்புலட்சுமியின் கைம்பெண் இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஆசாரக் குடும்பங்கள் தம் பெண்களை நம்பி அனுப்ப வேண்டுமானால் சமையலறையில் சாதி காக்கப்பட வேண்டும் என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். கார்வேயின் இல்லத்திலும் தொடக்ககாலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பிராமணக் கைம்பெண்களே. அந்தக் காரணம் அன்றைய நடைமுறையில் மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆனால் பயிற்சியும் தங்குமிடமும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டபோது, தங்குமிடத்தின் சாதி பயிற்சியின் சாதியாகிவிட்டது. மறுமணம் வழக்கில் இருந்த சாதிகளின் பெண்களுக்கும், வயலில் உழைத்த கைம்பெண்களுக்கும் இந்த இல்லங்களில் இடமில்லை. அவர்களுக்குத் திறந்திருந்தவை பெரும்பாலும் கிறித்தவ நிறுவனங்களின் பயிற்சிப் பள்ளிகளே. தென்னிந்தியாவில் எழுத்தறிவித்த பெண்களின் முதல் தலைமுறையில் கிறித்தவர்கள் மிகுந்திருந்ததற்கு இதுவும் காரணம். புனேயின் சாவித்திரிபாய் தொடங்கிய வழியும் சென்னையின் ஐஸ் ஹவுஸ் வழியும் ஒரே வரலாற்றின் இரு கட்டங்கள் என்று பாடநூல்கள் வரிசைப்படுத்துவது உண்டு. அவை வெவ்வேறு வழிகள். ஒன்று தள்ளிவைத்த பெண்களிடமிருந்தே மற்றொன்று தொடங்கியிருந்தது.

ரொக்கேயாவுக்கு இந்த இரண்டுமே கிட்டவில்லை. பாகல்பூரில் சொத்துத் தகராறு முற்றவே கல்கத்தாவுக்கு வந்து, 1911 மார்ச் 16 அன்று வலியுல்லா சந்தின் ஒரு வீட்டில் எட்டு மாணவியரோடு பள்ளியை மீண்டும் தொடங்கினார். வகுப்பு நடத்துவதை, நகரின் பிற பெண் பள்ளிகளுக்குச் சென்று பார்த்துப் பார்த்தே கற்றார். தகுதியான முஸ்லிம் ஆசிரியைகள் கல்கத்தாவில் கிடைக்காததால் கயா, ஆக்ரா, சென்னை ஆகிய ஊர்களிலிருந்து வரவழைத்தார். தொலைவிலிருந்து மொழி தெரியாத நகருக்கு வந்திறங்கிய அந்தப் பெண்களுள் யாரும் தம் முதல் நாளைப் பற்றி எழுதிவைத்திருந்தால் அது ரொக்கேயாவின் நூல்களுக்கு நிகராகப் படிக்கப்பட்டிருக்கும்.

பெற்றோரின் நம்பிக்கையைப் பெற அவரும் ஒரு சுவரை எழுப்ப வேண்டியிருந்தது. இல்லம் கட்ட வசதியில்லாத அவருக்கு அந்தச் சுவர் ஒரு மோட்டார் வண்டியின் வடிவில் வந்தது. மாணவியரை அழைத்துவரும் வண்டி நாற்புறமும் அடைக்கப்பட்டு, சிறு சல்லடைத் துளைகள் மட்டும் கொண்டதாக இருந்தது. வெப்பத்தில் குழந்தைகள் மயங்கினார்கள், வாந்தியெடுத்தார்கள். அடைப்பை அகற்றித் திரைச்சீலை தொங்கவிட்டார். உடனே, காற்றில் திரை விலகிப் பெண்கள் கண்ணில் படுகிறார்கள், இதைச் சரிசெய்யாவிட்டால் உருது இதழ்களில் எழுதுவோம் என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றில், பெயரிருக்க வேண்டிய இடத்தில் இருந்தது 'இஸ்லாமியச் சகோதரர்கள்' என்னும் ஒப்பம் மட்டுமே. ரொக்கேயா இதை 'அவரோத்பாசினி' என்னும் நூலில் எழுதினார். அது 1931இல் வெளிவந்தது. மறு ஆண்டு டிசம்பர் 9 அன்று அவர் இறந்தபோது, ஐந்து பேருக்கு எப்படி ஒருசேரப் பாடம் சொல்வது என்று தெரியாமல் தொடங்கிய அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில்தான் இருந்தார்.